பதினோரு தோப்புக்கரணம்

ஐந்து ஐம்பதுக்கு அலாரம் அடிக்கும். எழுந்து பல் துலக்குவேன். பால் பாக்கெட்டை எடுத்து வந்து ஒரு டம்ளர் காபி போடுவேன். குளியல். ஒரு நாள் நீலச் சட்டை, ஒரு நாள் வெள்ளைச் சட்டை. ஆறரைக்குப் போனில் ஒரு பதிவைப் போடுவேன். மொத்தம் பதினாறு வினாடி. பூங்கோதையின் குரல்.

"ஏனுங்க, பவானி தாண்டிட்டேன். பஸ்ஸுல கூட்டம்னா கூட்டம், அப்படிக் கூட்டம். நேரத்துக்குச் சாப்பிடுங்க. உடம்பைப் பாத்துக்கங்க."

பிறகு வண்டிச் சாவியை எடுப்பேன்.

பூங்கோதை என் மனைவி. அந்தப் பேருந்து அடுத்த வளைவில் கவிழ்ந்தது. பதினான்கு மாதம் ஆகிறது. எனக்கு முப்பத்தொரு வயது. ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறையின் சோதனைக்கூடத்தில் வேலை. துணியைத் துவைத்துப் பார்த்து, சாயம் போகிறதா போகவில்லையா என்று எழுதவேண்டும். அந்த வாரம் மட்டும் சோதனைக்கூடத்துக்குப் பதிலாக நீதிமன்றம் போனேன். ஜூரியில் என் பெயர் வந்திருந்தது.

ஜூரிகள் ஏழு பேர். எங்கள் தலைவி பரிமளம் டீச்சர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. முதல் நாளே எங்களை வரிசையாக உட்காரவைத்து விளக்கினார்.

"எங்க தாத்தா காலத்துல ஜூரி இருந்துது. அப்புறம் எடுத்துட்டாங்க. இப்ப இந்த நிரப்பி வந்ததும் திரும்பக் கொண்டுவந்திருக்காங்க. ஏன்னு யாருக்காவது தெரியுமா?"

பிரியாணிக் கடை ஷாஜகான் பாய் கையைத் தூக்கினார். "மெசின் தப்புப் பண்ணுனா திட்டறதுக்கு ஆள் வேணும், டீச்சர்."

"உக்காருங்க. சரியான பதில்தான்."

நிரப்பி என்பது விட்டுப்போனதை நிரப்பும் இயந்திரம். கேமரா பார்க்காத இடத்தில் என்ன நடந்திருக்கும் என்று அது படம் வரைந்து காட்டும். படம் என்றால் நிஜம்போல. காட்டலாம், தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பது சட்டம். தீர்ப்பை ஏழு பேரும் ஒரே மனதாகச் சொல்லவேண்டும்.

வழக்கு இதுதான். மாரப்பன், நாற்பத்தாறு வயது, மஞ்சள் மண்டியில் மூட்டை தூக்குபவர். பத்தொன்பது வருட வேலையை முதலாளி ஒரே நாளில் நிறுத்தினார். மறுநாள் விடிகாலை முதலாளியின் கிடங்கு எரிந்தது. கிடங்கு இருக்கும் சந்துக்குள் கேமரா இல்லை. சந்தின் இந்த முனையில் டீக்கடைக் கேமரா, அந்த முனையில் பால் பூத் கேமரா. மாரப்பன் உள்ளே நுழைந்ததற்கும் வெளியே வந்ததற்கும் இடையில் எழுபத்திரண்டு வினாடி.

"நடந்தால் முப்பத்தெட்டு வினாடிதான் ஆகும். மீதி முப்பத்துநாலு வினாடி என்ன செய்தீர்கள்?" என்று அரசு வழக்கறிஞர் கேட்டார்.

"நடந்து போனனுங்க," என்றார் மாரப்பன்.

"வேறு ஒன்றுமே செய்யவில்லையா?"

"வேற என்னங்க செய்யறேன்? நடந்துதானுங்க போனேன்."

அதோடு அவர் கதை முடிந்தது. நிரப்பியின் படத்தைத் திரையில் போட்டார்கள். மாரப்பன் சந்துக்குள் வருகிறார். வெற்றுச் சுவரைத் தாண்டுகிறார். கிடங்கு ஜன்னலில் நிற்கிறார். இடுப்பிலிருந்து பாட்டில். தீக்குச்சி. ஓட்டமும் நடையுமாக வெளியே. சரியாக எழுபத்திரண்டு. கீழே மூலையில் ஓர் எண்: தொண்ணூற்றேழு சதவீதம். மாரப்பனே வாயைப் பிளந்து பார்த்தார். தீ வைப்புக்குப் பத்து வருடம். அவருக்குப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். இருவரும் தினமும் சீருடையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான்காம் நாள் எங்களை அறைக்குள் விட்டுப் பூட்டினார்கள். போன்களை வாங்கிக்கொண்டார்கள்.

முதல் நாளிலிருந்தே இடைவேளைகளில் எங்களை உட்காரவைத்த அறைதான் அது. அதன் நல்ல விஷயம் ஜன்னல். கீழே நீதிமன்ற வளாகம், வேப்பமரம், மரத்தடியில் ஒரு பிள்ளையார். மாரப்பனைக் கூட்டிவரும்போதும் கொண்டுபோகும்போதும் அவர் அங்கே நின்றுவிடுவார். காதைப் பிடித்துக்கொண்டு பதினோரு தோப்புக்கரணம். கூட வரும் ஏட்டுக்கு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாம் நாளிலிருந்து அவரே சத்தமாக எண்ண ஆரம்பித்துவிட்டார். "எட்டு... ஒம்போது... அட, முழுசா உக்காருய்யா, சாமி பாக்குது... பத்து..." நாங்கள் ஜன்னலில் கூடி நின்று சிரிப்போம். அதாவது, அவர்கள் சிரிப்பார்கள். நான் நிற்பேன்.

சீட்டில் எழுதி வாக்கெடுத்தோம். குற்றவாளி ஆறு. இல்லை ஒன்று.

"யாரு அந்த ஒண்ணு?" என்றார் டீச்சர், வகுப்பில் சாக்பீஸ் எறிந்தவனைத் தேடுகிற குரலில்.

"நானுங்க," என்றேன்.

ஷாஜகான் பாய் தலையில் கை வைத்தார். "தம்பி இளம்பரிதி, நாலு நாளா நீங்க வாயே தொறக்கல. நல்ல புள்ளைன்னு நெனச்சேன். சாயங்காலம் எனக்குக் கல்யாண ஆர்டர், நாலு அண்டா."

தனியாக நிற்பவர் காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். தீர்ப்போடு அந்தத் தாளும் வெளியாகும். உள்ளூர்ப் பத்திரிகைகள் அதை விடாமல் அச்சடிக்கும். டீச்சர் தாளை என் முன்னால் வைத்தார்.

நான் பேனாவைத் திறந்து மூடினேன். எனக்கு அத்தையின் ஞாபகம் வந்தது. பூங்கோதையின் அம்மா. காங்கேயத்தில் தனியாக இருக்கிறார். என் போனில் இருக்கும் பதினாறு வினாடி அவர் போனிலும் இருக்கிறது. போன மாதம் போயிருந்தபோது விளக்கேற்றிவிட்டு அதைப் போட்டார். "கடைசியாக்கூட உங்களைச் சாப்பிடச் சொல்லிட்டுத்தான் போயிருக்கறா பாருங்க மாப்பிள்ளை," என்று கண்ணைத் துடைத்தார். நான் ஆமாம் என்றேன்.

இந்தத் தாளை அவர் படிப்பார். கீழே இரண்டு பெண்கள் சீருடையில் உட்கார்ந்திருந்தார்கள். எழுதினேன். டீச்சர் வாங்கி உரக்க வாசித்தார்.

"என் மனைவி இறப்பதற்குமுன் என்னிடம் போனில் பேசினாள். அந்தப் பதிவின் கடைசி ஒன்பது வினாடி கெட்டுப்போனது. என் மைத்துனன் அதை நிரப்பியிடம் கொடுத்தான். அது அவள் குரலிலேயே நிரப்பித் தந்தது. தொண்ணூற்றேழு சதவீதம் சரி என்றது. அவள் உண்மையில் சொன்னதை நான் அப்போதே என் காதால் கேட்டவன். நிரப்பி தந்ததில் ஒரு சொல்கூட அவளுடையது இல்லை."

வங்கிக்காரர் ஒருவர் இருந்தார், மருந்துக்கடைக்காரர் ஒருவர் இருந்தார். இருவரும் பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாய்பவர்கள். இப்போது எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

தீபக் மெதுவாகத் தொண்டையைச் செருமினான். கணினி வேலை, இருபத்துநாலு வயது, எங்களில் நிரப்பியைப் பற்றித் தெரிந்தவன் அவன்தான். "அண்ணா, வருத்தமா இருக்கு. ஆனா அது தப்பு செய்யலைங்க. ஊர் முழுக்க லட்சம் பொண்டாட்டிங்க போன்ல என்ன சொல்றாங்கன்னு பாத்து, எது அதிகமோ அதை வச்சிருக்கும். தொண்ணூத்தேழுன்னா மூணு தப்பாத்தான் வரும்."

"ஆமா," என்றேன். "என் சம்சாரம் அந்த மூணுல ஒருத்தி."

"அவ்வளவு வித்தியாசமா என்ன கண்ணு சொல்லுச்சு?" என்றார் மயிலாத்தாள் அக்கா. பூக்காரர். நாலு நாளும் மடியில் பூ வைத்துக் கட்டிக்கொண்டே வழக்குக் கேட்டவர்.

"அது இந்த வழக்குக்கு வேண்டாங்கக்கா."

"சரி," என்றார் டீச்சர். "அது உங்க வீட்டு விசயம். இந்தக் கணக்குல தப்பு எங்கே? அதைச் சொல்லுங்க."

"தெரியலைங்க டீச்சர்."

"தெரியலைன்னா மார்க் கிடையாது."

"மெசின்கிட்ட என்ன கேட்டிருக்காங்க? 'தீ வச்சிருந்தா எப்படி வச்சிருப்பான்'னு கேட்டிருக்காங்க. அதுக்குப் பதில் சொல்லியிருக்கு. நாம படத்தைப் பாத்தோம். கடிகாரத்தைப் பாக்கல." பதினான்கு மாதத்தில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. "அவர் தினமும் அந்த வழியாத்தான் போவார்னு காட்ட, அதுக்கு முந்தின இருபத்தொரு நாள் கேமராவையும் கொடுத்திருக்காங்க. மத்த நாள்ல எவ்வளவு நேரம் ஆச்சுன்னு பாக்கலாமுங்களா?"

நீதிமன்றக் குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே திரையை மாட்டிவிட்டுப் போனார். டீச்சர் சுவர்ப் பலகையில் கோடு போட்டார். தீபக் நேரம் வாசித்தான்.

"முதல் நாள், எழுபத்தொண்ணு. ரெண்டாம் நாள், எழுபத்துநாலு. எழுபது. எழுபத்திரண்டு. எழுபத்துமூணு..." அவன் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"அப்ப தினமும் தீ வச்சானா?" என்றார் ஷாஜகான் பாய்.

"ஆறாம் தேதி..." தீபக் இரண்டாம் முறை பார்த்தான். "முப்பத்தொம்பது. ஏழு, முப்பத்தெட்டு. எட்டு, நாப்பது. ஒம்பதாம் தேதி மறுபடி எழுபத்தொண்ணு. இது என்னங்க, மூணு நாள் மட்டும்?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். எல்லோரும் பலகையைப் பார்த்தோம்.

மயிலாத்தாள் அக்கா பலகையைப் பார்க்கவில்லை. எரிந்த கிடங்கின் போட்டோவைக் கையில் எடுத்துக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தார். "இதென்ன, என் மாலை!"

"எதுங்க?"

"இந்த மூலையில பாருங்க. அருகம்புல் மாலை. என் கட்டு இது. அந்தச் சந்துல டிரான்ஸ்பார்மர் பக்கத்துல சுவத்து மாடத்துல பிள்ளையார் இருக்கறாரு. நாந்தான் மாலை குடுக்கறேன், பதினஞ்சு வருசமா."

டீச்சர் போலீஸ் வரைபடத்தைப் பிரித்தார். டிரான்ஸ்பார்மர் இருந்தது. சாக்கடை இருந்தது. பிள்ளையார் இல்லை. நிரப்பியின் படத்தைப் போட்டோம். அந்த இடம் வெற்றுச் சுவர். வரைபடத்தில் இல்லாத பிள்ளையாரை அதற்கு எப்படித் தெரியும்?

ஏழு பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தோம்.

"யா அல்லா," என்றார் ஷாஜகான் பாய். "பதினொண்ணு!"

"பொறுங்க," என்றார் டீச்சர். "அந்த மூணு நாள்?"

"ஆறு, ஏழு, எட்டா?" மயிலாத்தாள் அக்கா விரலை மடக்கினார். "அவங்க பங்காளி யாராச்சும் செத்திருக்கோணும். தீட்டு."

"தீட்டுன்னா?" என்றார் பாய்.

"சாவு விழுந்தா சாமி கும்பிடக் கூடாதுங்க பாய். தூரத்துப் பங்காளின்னா மூணு நாள்."

டீச்சர் மாரப்பனின் வாக்குமூலத்தைப் புரட்டினார். நாலாவது பக்கம். விரல் ஒரு வரியில் நின்றது. "ஐந்தாம் தேதி மதியம் பங்காளி முறை பெரியப்பா இறந்ததால் அரை நாள் விடுப்புக் கேட்டேன். முதலாளி திட்டினார்." விரோதத்துக்கு ஆதாரமாக அரசுத் தரப்பே சேர்த்த வரி அது.

தீபக் எழுந்து நின்றுவிட்டான். "டேட்டாங்க! இது டேட்டா!" என்று கத்தினான். வாசலில் இருந்த காவலர் கதவைத் தட்டி, உள்ளே எல்லாம் சரியா என்று கேட்டார்.

"பதினொண்ணுக்கு எவ்வளவு நேரமாகும்?" என்றார் டீச்சர். "தீபக், போடு."

பாய்க்கு மட்டும் பழைய கைக்கடிகாரம் இருந்தது, வினாடி முள்ளோடு. அவர் நாற்காலியில் ஏறி நின்று "ரெடி" என்றார். தீபக் காதைப் பிடித்தான். இருபத்தொரு வினாடி. "சின்னப் பையன், இது செல்லாது," என்றார் டீச்சர். அடுத்து வங்கிக்காரர். ஐந்தாவதில் உட்கார்ந்தவர் எழவில்லை. மருந்துக்கடைக்காரர் அவரைத் தூக்கப் போய் அவரும் விழுந்தார். ஐம்பத்தெட்டு. அடுத்து நான். பூங்கோதை இருந்திருந்தால் இதைப் படம் எடுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டே ஏழாவதில் உட்கார்ந்தேன். எனக்குள் ஏதோ பிடி விட்டது. முதலில் அது என்னவென்று தெரியவில்லை. நான் சிரித்துக்கொண்டிருந்தேன். காதைப் பிடித்தபடி, குந்தியபடி, கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தேன்.

"அவனை எந்திரிக்கச் சொல்லுங்க, டைம் ஓடுது!" என்று பாய் நாற்காலி மேலிருந்து கத்தினார்.

மயிலாத்தாள் அக்காதான் சரியான வழி சொன்னார். "நம்ம ஆளே ரெண்டு மணிக்கு வருவானில்ல? அவனையே பாத்துட்டாப் போச்சு."

"பாக்கலாமா?" என்றார் வங்கிக்காரர், மூச்சு வாங்கியபடி.

"ஜன்னல் வழியாப் பாக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்லை," என்றார் டீச்சர்.

இரண்டு மணிக்கு ஏழு தலைகள் ஜன்னலில். மாரப்பன் வந்தார். பிள்ளையார் முன் நின்றார். "ஒண்ணு," என்றார் கீழே ஏட்டு. "ஒண்ணு," என்றோம் மேலே நாங்கள். ஏட்டு நிமிர்ந்து பார்த்து முறைத்தார். ஆனால் எண்ணிக்கையை விடவில்லை. பதினொன்று முடிந்ததும் பாய் கடிகாரத்தை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினார். முப்பத்துமூன்று வினாடி.

டீச்சர் பலகையில் எழுதினார். நடக்க முப்பத்தெட்டு. கும்பிட முப்பத்துமூன்று. கூட்டினால் எழுபத்தொன்று. "மீதி ஒண்ணு. ஒரு வினாடியில தீக்குச்சிகூட உரச முடியாது."

அப்போதும் தீபக் ஒன்று கேட்டான். நல்ல கேள்வி. "அன்னைக்கு மட்டும் கும்பிடாம நேரா தீ வச்சிருந்தா?"

"தீ வைக்கப் போறவன்தான் ரெண்டு கரணம் சேத்துப் போடுவான்," என்றார் மயிலாத்தாள் அக்கா.

"வச்சிருக்கலாம் தீபக்," என்றேன். "வைக்காமலும் இருந்திருக்கலாம். யார் வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. மெசினுக்கும் தெரியாது, ஆனா அது தெரிஞ்ச மாதிரி படம் போடுது. தெரியாதப்ப பத்து வருசம் கொடுக்க முடியுமா?"

அவன் பலகையில் இருந்ததை இன்னொரு முறை கூட்டிப் பார்த்தான். பிறகு சீட்டை எடுத்து எழுதினான்.

ஏழு சீட்டும் ஒன்றுபோல் இருந்தன. ஷாஜகான் பாய் நாலு அண்டாவை நோக்கி ஓடும் முன் என்னைக் கட்டிப்பிடித்தார். "நாளைக்குக் கடைக்கு வரணும். வரல, அடுத்த கேஸ்ல உங்க பக்கம் நிக்க மாட்டேன்."

கீழே கூட்டமாக இருந்தது. இரண்டு சிறுமிகளும் மாரப்பனின் கைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்திருந்தார்கள். டீச்சர் நேராக அவரிடம் போனார்.

"ஏப்பா, கும்பிட்டுட்டு இருந்தேன்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

மாரப்பன் குழம்பிப்போய்ப் பார்த்தார். "சாமி கும்பிடறதையெல்லாம் போயி ஆபீசருங்ககிட்டச் சொல்லுவாங்களாம்மா? என்ன செஞ்சேன்னுதானுங்க கேட்டாங்க."

பிறகு பெண்களின் கைகளை விட்டுவிட்டுக் காதைப் பிடித்தார். ஏட்டு பழக்கத்தில் எண்ண ஆரம்பித்தார். பதினொன்றில் மாரப்பன் நிறுத்தவில்லை. இருபது ஆயிற்று. முப்பது ஆயிற்று. "யோவ், எனக்கு டூட்டி முடிஞ்சுதுய்யா," என்று ஏட்டு கிளம்பிப் போனார். அதன் பிறகு சிறுமிகள் எண்ணினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் என் தாள் வந்தது. முழுதாக. என் பெயரோடு.

அன்று ஆறரைக்கு நான் பதிவைப் போடவில்லை. போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு அது அடித்தது. அத்தை.

"மாப்பிள்ளை, பேப்பர் பாத்தனுங்க."

"ஆமாங்கத்தை."

"அப்ப அது என் புள்ளை பேசுனது இல்லீங்களா?"

"இல்லைங்கத்தை. மன்னிச்சுக்குங்க. முன்னாலயே சொல்லியிருக்கணும். நீங்க அதைக் கேட்டு ஆறுதலா இருக்கீங்கன்னு..."

அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"நானா?" என்றார் அத்தை. "எனக்கு மொதல் நாளே தெரியும் மாப்பிள்ளை. பெத்தவளுக்குத் தெரியாதா? அவ என்னைக்கு யாரை 'உடம்பைப் பாத்துக்கங்க'ன்னா? காய்ச்சல்ல கெடந்தாலே கேலிதான் பண்ணுவா. நீங்கதான் அதைக் கேட்டுட்டு நடமாடிட்டு இருக்கறீங்க, நான் எதுக்குக் கெடுக்கோணும்னு ஆமாம்போட்டுட்டு இருந்தேன். வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை அதைப் போட்டு அழுகோணும், அது வேற எனக்கு வேலை."

பதினான்கு மாதம். இரண்டு பேரும்.

"அழிச்சுடலாங்களா அத்தை?"

"அதை விடுங்க. அவ நெசமா என்னதான் சொன்னா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒருவேளை நானாகக் கற்பனை செய்துகொண்டேனோ என்றுகூடச் சில நாள் தோன்றியிருக்கிறது. வாயைத் திறந்ததும் அவள் குரல் அப்படியே வந்தது, மூச்சு வாங்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு. நான் சொல்லி முடிப்பதற்குள் காங்கேயத்தில் அத்தை வீடே அதிரச் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். பூங்கோதை சொன்னது இதுதான்:

"சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன், பக்கத்து சீட்டுல ஒரு சேவல் உக்காந்திருக்குது, கேட்டா டிக்கெட் எடுத்திருக்கறாங்களாம், அது உக்காந்து வருது, நான் நின்னுட்டு வர்றேன்."